வெண்பனியும் ஃபெரனும்: காஷ்மீரத்தில் ஒரு வாரம்

மார்கழி பிறந்துவிட்டால் எங்கள் ஊர்ப் பள்ளிவாசலின் பின்வரிசையில் ஒரு வெளுத்த முகம் தவறாமல் தென்படும். சால்வைகளும் பூவேலை செய்த துணிகளும் அடங்கிய மூட்டையைத் தோளில் சுமந்து, தெருத்தெருவாக விற்று வரும் காஷ்மீரத்துச் சகோதரர் அவர். பதினைந்து ஆண்டுகளாக வந்து போகிறவர். கடன் வைத்தவர்களின் பெயரை ஒரு சிறு நோட்டில் உர்தூவில் எழுதி வைத்துக்கொண்டு, தை மாதத்தில் பொறுமையாக வசூலிப்பார். நம் தமிழும் அவருக்கு ஓரளவு படிந்துவிட்டது.

ஒருமுறை என் மனைவி அவரிடம் கேட்டாள்: "உங்கள் ஊரில் பனி கொட்டுகிற காலம் பார்த்து நீங்கள் இங்கே வந்துவிடுகிறீர்களே, அங்கே வீட்டைப் பார்ப்பவர் யார்?"

அவர் சற்று நேரம் பேசவில்லை. பிறகு, "உம்மாவும் வீட்டுக்காரியும்தான், அக்கா. பனிக்காலம் பெண்களுக்கு. வியாபாரம் எங்களுக்கு" என்றார்.

அந்தப் பதில் எங்கள் இருவர் மனத்திலும் தங்கிவிட்டது. சில ஆண்டுகளுக்கு முன்பு, தங்கையின் நிக்காஹ் பேச்சுக்காக அவர் சனவரி மாதத்தில் இடையிலேயே ஊர் திரும்ப நேர்ந்தபோது, "ஹஜ்ரத், நீங்களும் அக்காவும் என்னுடன் வாருங்கள்" என்று வற்புறுத்தி அழைத்தார். மதரஸாவில் பத்து நாள் விடுப்புப் பெற்றுப் புறப்பட்டோம்.

நாற்பது நாள் 'சில்லா'

ஜம்முவிலிருந்து ஸ்ரீநகருக்குச் சாலை வழியாக ஏறத்தாழ 270 கிலோமீட்டர். இப்போது கட்ராவிலிருந்து ஸ்ரீநகருக்கே ரயில் ஓடுகிறது. அது தொடங்கியது 2025 சூனில். நாங்கள் சென்ற காலத்தில் மலைச்சாலைதான் வழி. பனிச்சரிவினால் சாலை மூடப்பட்டால், லாரிகளும் பேருந்துகளும் மைல் கணக்கில் வரிசையாக நிற்கும். ஓர் இரவை வழியிலேயே கழித்து, மறுநாள் மாலை பள்ளத்தாக்கில் இறங்கினோம்.

ஜீலம் நதிக்கரையில், பழைய ஸ்ரீநகரின் குறுகலான சந்து ஒன்றில் நண்பரின் வீடு. ஸ்ரீநகர் கடல் மட்டத்திலிருந்து ஏறத்தாழ 1,600 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. நாங்கள் போய்ச் சேர்ந்த நேரம், அவ்வூரார் 'சில்லை கலான்' என்று அழைக்கும் கடுங்குளிர்க் காலம்.

'சில்லா' என்ற சொல் நமக்கும் தெரிந்ததுதான். நாற்பது நாள் தஃவத் பயணம் செல்வோரைச் 'சில்லா போயிருக்கிறார்' என்கிறோமல்லவா? நாற்பதைக் குறிக்கும் அதே பாரசீகச் சொல்தான் அங்கே குளிரின் பெயராகியிருக்கிறது. டிசம்பர் 21இல் தொடங்கி நாற்பது நாள்கள் பெரிய சில்லா. அதன்பின் இருபது நாள்கள் 'சில்லை குர்த்' என்னும் சிறிய சில்லா. கடைசிப் பத்து நாள்கள் 'சில்லை பச்சா' என்னும் குழந்தைச் சில்லா. எழுபது நாள் குளிரை மூன்று தலைமுறையாகப் பகுத்துப் பெயரிட்டிருக்கிறார்கள்.

முதல் இரவு படுக்கும்போது வானம் கறுத்திருந்தது. விடியலில் விழித்தபோது ஊரில் ஒலியே இல்லை. சன்னலைத் திறந்தால், எதிர்வீட்டுத் தகரக் கூரை, மதில், மரக்கிளை, மின்கம்பி அனைத்தின் மேலும் வெண்பனி ஒரு முழ உயரத்திற்குப் படிந்து கிடந்தது. சற்று நேரத்தில் கூரையில் சறுக்கிய பனிக்கட்டி பொத்தென்று முற்றத்தில் விழுந்தது. என் மனைவி திடுக்கிட்டுக் கலிமா சொன்னாள். வீட்டுக் குழந்தைகள் கைகொட்டிச் சிரித்தனர்.

ஆண்டின் முதற்பனிக்கு அங்கே 'நவ் ஷீன்' என்று பெயர். அன்று ஒரு வேடிக்கை வழக்கம் உண்டு. சிறிது பனியைப் பொட்டலமாகக் கட்டி, பரிசு என்று சொல்லி உறவினர் கையில் கொடுத்துவிடுவார்கள். ஏமாந்து வாங்கிக்கொண்டவர் விருந்து வைக்க வேண்டும். நாங்கள் கண்டது முதற்பனி அன்று. ஆயினும் நண்பரின் மகன் ஒரு காகிதப் பொட்டலத்தை என் கையில் திணித்துவிட்டான். அவ்விருந்துக் கடன் இன்னும் என் கணக்கில் இருக்கிறது.

ஓர் ஆடை, ஒரு வீடு

நாங்கள் ஊரிலிருந்து கொண்டுபோன ஸ்வெட்டர்கள் முதல் நாளே தோற்றுப்போயின. நண்பரின் தாயார் பெட்டியைத் திறந்து எங்கள் இருவருக்கும் ஆளுக்கொரு ஃபெரன் எடுத்துக் கொடுத்தார்.

ஃபெரன் என்பது தோளிலிருந்து முழங்காலுக்குக் கீழே வரை தொங்கும், தளர்ந்த கம்பளி அங்கி. மேற்சட்டையைக் குறிக்கும் 'பீராஹன்' என்னும் பாரசீகச் சொல்லிலிருந்து வந்த பெயர் என்பர். முற்காலத்தில் கணுக்கால் வரை நீண்டிருந்தது, காலப்போக்கில் குறுகியது. கம்பளி உடம்பை உறுத்தாமலிருக்க, அதனுள்ளே அதே அளவில் 'போட்ஸ்' எனப்படும் பருத்தி அங்கியை அணிவார்கள். அழுக்கானால் உள்ளங்கியைக் கழற்றித் துவைத்தால் போதும். தண்ணீர்க் குழாய்கள் உறைந்து போகும் நாட்டில் இது எத்தகைய வசதி!

இந்த ஆடையின் தந்திரம் அதன் தளர்ச்சியில் இருக்கிறது. கைகளைச் சட்டைக் கைகளிலிருந்து உருவி உள்ளே இழுத்துக்கொள்ளலாம். குழந்தையை உள்ளே அணைத்துக்கொள்ளலாம். எல்லாவற்றுக்கும் மேலாக, நெருப்பையே உள்ளே வைத்துக்கொள்ளலாம்! அதுதான் 'காங்கிரி'. சிறிய மண்சட்டியைச் சுற்றி வில்லோ மர விளாறுகளால் கூடை பின்னியிருப்பார்கள், பிடித்துக்கொள்ளக் கைப்பிடி. சட்டியில் கரித்தணலை இட்டுச் சாம்பலால் மூடினால், பல மணி நேரம் மெல்லிய சூடு தந்துகொண்டிருக்கும். காங்கிரி முடைவதில் சரார் ஷரீஃப் புகழ்பெற்ற ஊர். இலையுதிர் காலத்தில் விழும் சினார் மரத்து இலைகளைக் குவித்துக் கொளுத்தி, நீர் தெளித்து அவித்துக் கரியாக்கி, மூட்டைகளில் சேமித்துவைக்கிறார்கள். அந்த வேலை பெரும்பாலும் பெண்களுடையது.

முதன்முதலில் காங்கிரியை ஃபெரனுக்குள் வைத்துக்கொண்டபோது, நான் வெடிமருந்தைச் சுமப்பவனைப்போல் அசையாமல் உட்கார்ந்திருந்தேன். மூன்றாம் நாள், அதனுடன் மாடிப்படி ஏறும் அளவுக்குத் தேறிவிட்டேன்.

இந்த எளிய அங்கியும் அலுவலக வாசலில் தடுக்கப்பட்டதுண்டு. 2018 டிசம்பரில் வட காஷ்மீரத்தின் கல்வி அலுவலகம் ஒன்று, ஃபெரன் அணிந்து அலுவலகத்திற்கு வரக் கூடாதென ஆணை பிறப்பித்தது. எதிர்ப்பு எழவே ஆணை திரும்பப் பெறப்பட்டது. அண்மை ஆண்டுகளில் டிசம்பர் 21ஆம் நாளை 'ஃபெரன் நாள்' என்று இளைஞர்கள் கொண்டாடுகிறார்கள். தாத்தாவின் அங்கியில் கால்சட்டைப் பை போன்ற பையும் பற்பிணையும் வைத்துத் தைத்து, கல்லூரிக்கு அணிந்து செல்கிறார்கள்.

பாடத்தில் இருந்தது, பாதத்தில் கண்டேன்

அதிகாலைச் சுபுஹுத் தொழுகைக்கு நண்பருடன் மஹல்லாப் பள்ளிவாசலுக்குச் சென்றேன். அங்கே பள்ளிவாசலை ஒட்டி 'ஹம்மாம்' என்றோர் அறை. தரை முழுவதும் கற்பலகை. அதன் அடியில் விறகு எரிகிறது. கல் சூடேறி அறை வெதுவெதுப்பாகிவிடுகிறது. உளூச் செய்ய வெந்நீரும் கிடைக்கிறது. தொழுகைக்குப் பிறகு முதியவர்கள் அங்கேயே அமர்ந்து ஊர்க்கதை பேசுகிறார்கள். இறந்தவர், பிறந்தவர், அரிசி விலை, சாலை திறந்ததா மூடியதா, எல்லாம் அந்தக் கல்லின் மேல்தான்.

அங்கே நான் கண்ட ஒரு காட்சியை என் மாணவர்களுக்குச் சொல்லாத ஆண்டில்லை. ஒரு பெரியவர் உளூச் செய்தார். முகம் கழுவி, கைகள் கழுவி, தலைக்கு மஸ்ஹு செய்தபின், பாதங்களைக் கழுவாமல், தாம் அணிந்திருந்த தோல் காலுறைகளின் மேல் ஈரக்கையால் தடவிவிட்டு எழுந்தார். இருபது ஆண்டுகளாக நான் கற்பித்துவரும் பாடம் அது! உள்ளூரில் இருப்பவர் ஒரு பகலும் ஓர் இரவும், பயணி மூன்று பகலும் மூன்று இரவும் அவ்வாறு மஸ்ஹு செய்யலாம் என்பதை மாணவர்கள் மனப்பாடமாக ஒப்பிப்பார்கள். ஆனால் செருப்பே சுடுகிற நம் ஊரில் தோல் காலுறையைக் கண்டவர் யார்? "ஹஜ்ரத், இது யாருக்காக?" என்று ஒரு மாணவன் கேட்டதற்கு அன்று நான் ஏதோ சொல்லிச் சமாளித்தேன். அவனுக்குரிய விடையை அந்தப் பெரியவரின் பாதங்களில் கண்டேன்.

உலர்ந்த காய்களும் உப்புத் தேநீரும்

என் மனைவி பெரும்பாலும் சமையலறையிலேயே இருந்தாள். அவ்வீட்டில் சூடான இடம் அதுதான். மின்சாரம் இரண்டு நாள்கள் இல்லை. காய்கறிச் சந்தைக்கு லாரி வரவில்லை. எனினும் வீட்டில் எவருக்கும் பதற்றமில்லை. மேல்மாடியில் கயிறு கயிறாகத் தொங்கின கத்தரி, சுரை, தக்காளி வற்றல்கள். கோடையில் நறுக்கி வெயிலில் உலர்த்தி வைத்தவை. 'ஹோக் ஸ்யூன்' என்பது அவற்றின் பொதுப்பெயர். "நம் வீட்டுக் கத்தரி வற்றலுக்கு இங்கே ஒரு பெரியம்மா மகள் இருக்கிறாள்" என்றாள் என் மனைவி.

காலையில் 'நூன் சாய்'. நூன் என்றால் உப்பு. இளஞ்சிவப்பு நிறத்தில், சர்க்கரைக்குப் பதில் உப்பிட்ட பால் தேநீர். நடுவில் தணல் எரியும் செம்புச் சமாவரிலிருந்து ஊற்றிக்கொண்டே இருப்பார்கள். முதல் மிடறு எனக்குக் கடினமாயிருந்தது. நான்காம் நாள் நானே கேட்டு வாங்கினேன். ஒருநாள் விடியற்காலையில் நண்பர் 'ஹரீஸா' வாங்கி வந்தார். ஆட்டிறைச்சியை அரிசியுடன் இரவெல்லாம் வேகவைத்து, எலும்பு நீக்கி, கூழாகும்வரை கடைந்து, காய்ந்த எண்ணெய் ஊற்றித் தருவது. பனியில் நனைந்து நிற்பவனுக்கு அது உணவு மட்டுமன்று, மருந்து.

பெட்டிக்குள் இருந்த காலம்

நான்காம் நாள் மாலை, மின்சாரம் இல்லாத வேளையில், நண்பரின் தாயார் தம் மரப்பெட்டியைத் திறந்து என் மனைவிக்குக் காட்டினார். அவருடைய நிக்காஹ் ஃபெரன் அதில் இருந்தது. கழுத்தைச் சுற்றியும் கையோரத்திலும் 'தில்லா' எனப்படும் சரிகை வேலை. சரிகை கறுத்திருந்தது, ஒரு தையலும் அவிழவில்லை. அதன் அடியில் 'கஸாபா' என்னும் தலையணி. சிவப்புத் துணியைத் தடிப்பாகச் சுற்றி ஊசிகளால் இறுக்கியது. அக்காலத்துப் பெண்கள் அதன்மேல் முக்காடிட்டுக்கொள்வார்களாம். அவர் கணவரின் ஃபெரனும் இருந்தது, முரட்டுக் கம்பளி. அதற்கு அவர்கள் வைத்திருக்கும் பெயர் என்ன தெரியுமா? 'பட்டு'! நாம் மென்மைக்குச் சொல்லும் சொல் அங்கே முரட்டுக் கைத்தறிக் கம்பளிக்கு வழங்குகிறது.

சுவரில் ஓர் ஆணியில் வைக்கோலால் பின்னிய மிதியடி தொங்கியது. 'புல்ஹோர்' என்பார்கள். நெல் வைக்கோலைத் திரித்துச் செய்வது. பனியில் வழுக்காது. ரப்பர்ப் பாதணிகள் வருமுன் ஏழைகளின் காலணி அதுவே. "இதை அணிந்துதான் உன் வாப்பா சால்வை விற்கப் புறப்படுவார்" என்று தாயார் சொல்ல, நண்பர் அதை எடுத்துத் தடவிப் பார்த்துவிட்டு மீண்டும் ஆணியிலேயே மாட்டினார்.

ஃபெரன் மறைத்த புண்

அன்றிரவு என் மனைவி உறங்கவில்லை. வற்புறுத்திக் கேட்டபின் சொன்னாள். பெட்டியருகே அமர்ந்து எழும்போது தாயாரின் ஃபெரன் சற்று விலகியதாம். முழங்காலுக்குக் கீழே, தோலில் வலை பின்னியதுபோல் கருஞ்சிவப்புக் கோடுகள். அவற்றின் நடுவே ஓரம் தடித்த ஒரு புண். கேட்டதற்கு, "காங்கிரிச் சூடு, மகளே. எல்லோருக்கும் இருப்பதுதான். ஓர் ஆண்டாக ஆறவில்லை" என்று சாதாரணமாகச் சொல்லிவிட்டாராம்.

"என் உம்மாவும் இப்படித்தான், ஒரு புண்ணைச் சேலைக்குள் மறைத்து வைத்திருந்தார்கள்" என்றாள் என் மனைவி. சர்க்கரை நோயால் ஆறாத அந்தப் புண்ணுக்காக, முடிவில் என் மாமியாரின் காலையே எடுக்க நேர்ந்தது. அவள் அழுததை அன்று மீண்டும் கண்டேன்.

காங்கிரிச் சூடு ஆண்டுக்கணக்கில் ஒரே இடத்தில் படுவதால் தோலில் புற்றுநோய் உண்டாவதை மருத்துவ உலகம் நெடுங்காலமாக அறியும். காஷ்மீரத்தில் பணியாற்றிய எல்ம்ஸ்லி என்னும் மருத்துவர் 1866ஆம் ஆண்டிலேயே அதைப் பற்றி எழுதினார். தொடை, அடிவயிறு, முழங்காலுக்குக் கீழ்ப்பகுதி ஆகிய இடங்களில் அது தோன்றும். ஆறாத புண் எதுவாயினும் சிறிது சதையை எடுத்துச் சோதித்துப் பார்ப்பதே முறை. தொடக்கத்தில் கண்டு அறுத்து நீக்கிவிட்டால் பெரும்பாலும் குணமாகும். முற்றவிட்டால் நெறிக்கட்டுகளுக்குப் பரவும்.

மறுநாள் நண்பரிடம் சொன்னேன். அவர் முகம் வெளுத்தது. "பத்து மாதம் பார்த்தும் எனக்குத் தெரியாதே, ஹஜ்ரத்!" என்றார். ஆண்மகன் பார்க்க முடியாத இடத்தில் இருந்தது அது. பெண்களோ அதை நோயென்று எண்ணவில்லை.

தாயார் மருத்துவமனைக்கு வர மறுத்தார். காரணம் பனியன்று. "எழுபது வயதில் அந்நிய ஆணின் முன்னால் ஃபெரனை விலக்கச் சொல்கிறாயா?" என்று மகனைக் கடிந்துகொண்டார். அறைக்கு வெளியே நின்றிருந்த என்னிடம் நண்பர் திரும்பினார். கதவுக்கு இப்பாலிருந்தே நான் உர்தூவில் சொன்னேன், மருமகள் காஷ்மீரியில் எடுத்துரைத்தார்: "உம்மா, நாணம் ஈமானில் உள்ளது. நாங்கள் அதைத்தான் கற்பிக்கிறோம். ஆனால் உயிர் அமானிதம். பெண் மருத்துவர் இருந்தால் அவரிடமே காட்டுங்கள். அவர் இல்லாத நிலையில், தேவையான அளவு மட்டும் ஆண் மருத்துவரிடம் காட்டுவதற்கும் மார்க்கம் இடம் தந்திருக்கிறது. மறைத்து வைத்து அமானிதத்தை இழப்பதற்குத்தான் இடமில்லை."

உள்ளே வெகுநேரம் பேச்சில்லை. பிறகு தாயாரின் குரல் கேட்டது. மருமகள் மொழிபெயர்த்தார்: "அந்தத் தமிழ் மகளும் என்னுடன் வருவாளா என்று கேட்கிறார்."

என் மனைவி சென்றாள். பனியை மண்வெட்டியால் விலக்கி வழிசெய்து, முக்கியச் சாலை வரை நாற்காலியில் வைத்துத் தூக்கிச் சென்றனர் மஹல்லா இளைஞர்கள். ஹம்மாமில் அமர்ந்து ஊர்க்கதை பேசியவர்களின் பிள்ளைகள்தாம் அவர்கள். பெண் மருத்துவர் ஒருவரே பார்த்தார். சோதனைக்குச் சதை எடுத்தார்.

ஒரு கடிதமும் ஒரு வழக்கமும்

முடிவு வருமுன் எங்கள் விடுப்பு முடிந்துவிட்டது. மூன்று வாரம் கழித்து நண்பர் தொலைபேசியில் அழைத்தார். அது புற்றுப்புண்தான். ஆனால் பரவவில்லை. அறுவை செய்து நீக்கிவிட்டார்கள். அல்ஹம்து லில்லாஹ், தாயார் இன்றும் நலமாயிருக்கிறார்.

ஃபெரனை அவர் விடவில்லை. விடச் சொல்ல நாம் யார்? அது அம்மண்ணின் குளிருக்குத் தலைமுறைகள் கண்ட விடை. காங்கிரி மட்டும் இப்போது ஃபெரனுக்கு வெளியே, ஒரு கை தூரத்தில் இருக்கிறதாம். அண்டை வீட்டுப் பெண்களுக்கும் அவரே எச்சரிக்கை சொல்கிறாராம். "ஆறாத புண்ணா? உடனே காட்டு. வெட்கப்படாதே. தமிழ்நாட்டு ஹஜ்ரத் சொல்லியிருக்கிறார்" என்பது அவர் சொல்லும் வாசகம் என்று நண்பர் எழுதிய கடிதத்தில் இருந்தது. சொன்னவள் என் மனைவி, பெயர் எனக்கு!

நண்பரும் ஒரு மாறுதல் செய்துகொண்டார். பனிக்காலம் முழுவதும் வெளியூரில் இருந்தவர், இப்போது பெரிய சில்லாவின் நாற்பது நாள்களும் வீட்டிலிருந்துவிட்டு, அதன் பிறகே தெற்கே வருகிறார். வியாபாரம் சற்றுக் குறைந்ததுதான். "பனிக்காலம் இனி எல்லோருக்கும், ஹஜ்ரத்" என்று சிரிக்கிறார்.

புறப்படும்போது தாயார் எனக்களித்த ஃபெரன் எங்கள் வீட்டுப் பீரோவில், பூச்சி உருண்டைகளின் நடுவே மடித்து வைக்கப்பட்டிருக்கிறது. நம் வெயிலில் அதற்கு வேலையில்லை. ஆண்டுக்கொரு முறை, மஸ்ஹுப் பாடம் வரும் நாளில் மட்டும் அதை வகுப்புக்கு எடுத்துச் செல்கிறேன். மாணவர்கள் ஒவ்வொருவராக அதனுள் நுழைந்து பார்த்து, வியர்த்துப்போய் வெளியே வருகிறார்கள். "இது யாருக்காக?" என்ற கேள்வி இப்போது எழுவதில்லை.

அன்புச் சகோதர சகோதரிகளே! நம் வீட்டு மூதாட்டிகளும் பல நோவுகளைச் சேலைத் தலைப்புக்குள் மறைத்துக்கொண்டுதான் நமக்குச் சோறு பரிமாறுகிறார்கள். 'ஒன்றுமில்லை, வயதானால் இருப்பதுதான்' என்ற சொல்லை நம்பி நாம் எழுந்து போய்விடுகிறோம். இன்றிரவு உணவுக்குப் பிறகு, வீட்டுப் பெண்களில் ஒருவர் அவர்கள் அருகில் அமர்ந்து, காலைப் பிடித்துவிட்டபடியே, ஆறாத புண் ஏதும் உண்டா என்று ஒருமுறை கேட்கட்டும்.